ஏன் என்று கேட்கும் கணிதம்

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியரின் நினைவாக ஈப்போவில் கூடியிருக்கிறோம். பல்கலைக்கழகத்தில் கணிதம் எடுத்துப் படிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன்.

பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் கணிதத்தில் 'ஏ' வாங்கிய பிள்ளை, பல்கலைக்கழகத்தில் முதலாண்டுக் கணிதப் பகுப்பாய்வு வகுப்பில் சில வாரம் உட்கார்ந்ததும் தனக்குக் கணக்கே வராது என்று கலங்குகிறது. பிள்ளையின் அறிவு குறைந்துவிடவில்லை, கேள்வி மாறிவிட்டது. பள்ளியில் விடை கேட்டார்கள். இங்கே அது ஏன் சரி என்று கேட்கிறார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒன்றோடு 1/2, 1/3, 1/4, 1/5 எனக் கூட்டிக்கொண்டே போகிறோம். ஆயிரம் உறுப்புகளைக் கூட்டினால் தொகை 7.5-ஐத் தொடாது. ஒரு மில்லியன் உறுப்புகளைக் கூட்டினாலும் 14.4-ஐ எட்டாது. கால்குலேட்டரை நம்பினால் தொகை எங்கோ நின்றுவிடும் என்றே தோன்றும். நிற்காது. 1/3, 1/4 இரண்டும் சேர்ந்தால் அரைக்கு மேல். 1/5 முதல் 1/8 வரை நான்கும் சேர்ந்தால் அரைக்கு மேல். 1/9 முதல் 1/16 வரை எட்டும் அப்படியே. அரைகள் முடிவின்றி வந்துகொண்டிருப்பதால், எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் தொகை அதைத் தாண்டியே தீரும். பிரான்சில் நிக்கோல் ஒரெம் 14ஆம் நூற்றாண்டில் தந்த நிறுவல் இது. பின்னம் கூட்டத் தெரிந்த எவருக்கும் விளங்கும். ஆனால் இப்படி யோசிக்கப் பழக நாளாகும்.

அந்தப் பழக்கம் நமக்கு ஏன் முக்கியம்? தோட்டத்தில் தாங்கள் சேகரித்த இரப்பர் மரப்பாலின் எடையையும் அதிலுள்ள இரப்பர் அளவையும் அடுத்தவர் எழுதிய எண்ணாகவே ஏற்றுக் கூலி வாங்கியவர்கள் நம் முன்னோர். நிறுவலில் அதிகாரம் செல்லாது. பேராசிரியர் சொன்னாலும் காரணம் காட்டியாக வேண்டும். தோட்டப் பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் போதும் என்ற பழைய எண்ணத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

கணிதத்தில் உயர்ந்த தமிழர் நமக்கு முன்னே இருக்கிறார்கள். இலங்கைத் தமிழரான கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் டிராக்கிடம் ஆய்வு செய்தவர். 1959 முதல் 1968 வரை கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியராக இருந்தார். இத்துறை நமக்கு எட்டாதது என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ஏன் பிள்ளைகள் தளர்கிறார்கள்? தனியாகப் போராடுவதுதான் அவர்களைத் தளர்த்துகிறது. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் யூரி டிரைஸ்மன் இதைக் கண்டார். நுண்கணிதத்தில் தோற்ற கறுப்பின மாணவர்கள் தனித்தனியே படித்தார்கள். வென்ற சீன வம்சாவளி மாணவர்கள் சேர்ந்து விவாதித்தார்கள். கடினமான கணக்குகளைக் குழுவாகப் போடும் பட்டறைகளை அவர் தொடங்க, தளர்ந்தவர்களும் தேறினார்கள்.

நம் பேரா மாநிலத்திலும் இத்தகைய பட்டறைகளை நடத்த முடியும். கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. தஞ்சோங் மாலிமில், 1922இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் மூத்த மாணவர்களை அழைத்து, ஆறாம் படிவப் பிள்ளைகளோடும் முதலாண்டு மாணவர்களோடும் வார இறுதியில் உட்கார வைக்க ஒரு கரும்பலகையும் ஒரு மண்டபமும் போதும்.

பெற்றோரே, முதல் பருவத்தில் மதிப்பெண் இறங்கினால் துறையை மாற்றச் சொல்லாதீர்கள், ஓராண்டு பொறுங்கள். அறக்கட்டளைப் பெரியோர்களே, அடுத்த ஆண்டுப் பரிசுத்தொகையில் ஒரு பங்கை இந்த வார இறுதி வகுப்புக்கு ஒதுக்குங்கள்.