தோட்டப்பாளையம் மூஞ்சூறும் பேரில்லாத காய்ச்சலும்

இந்த எபிசோட் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரில இருந்து ஆரம்பிக்குது.

எனக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம், போடிநாயக்கனூர் பக்கம். விடியறதுக்கு முன்னாடியே ஜீப்ல ஏறி மலை மேல ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்க எங்க பக்கம் நிறைய. எங்க சித்தப்பா அங்க ஏலக்காய் உலர்த்துற ஸ்டோர்ல இருக்கார். சீசனுக்கு முன்னாடி, பல மாசம் பூட்டிக் கிடந்த ஸ்டோரைத் திறந்து, கூட்டி, பழைய சாக்கையெல்லாம் உதறி அடுக்கியிருக்கார். எலிப் புழுக்கை வாரி வாரி வந்துச்சாம். ரெண்டு வாரத்துல காய்ச்சல், இடுப்பு வலி. பிளேட்லெட் இறங்குது, கிரியேட்டினின் ஏறுது. டெங்கு நெகட்டிவ். எலிக்காய்ச்சல் நெகட்டிவ். ஸ்க்ரப் டைபஸ் நெகட்டிவ். பத்து நாள்ல தானாவே தேறிட்டார். சம்மரில ரெண்டே வார்த்தை: 'வைரல் ஃபீவர்'.

நான் கோடு எழுதுறவன். எங்க வேலையில இதை 'அன்னோன் எரர்'னு சொல்வோம். அப்படிப் போட்டு டிக்கெட்டை மூடினா மேனேஜர் சும்மா விடமாட்டார். அதான் படிக்க ஆரம்பிச்சேன். முதல்லயே சொல்லிடறேன், சித்தப்பாவுக்கு வந்தது ஹாண்டா வைரஸ்னு நான் சொல்லல. சொல்லவும் முடியாது. அந்த டெஸ்ட் எடுக்கவே இல்ல.

ஹாண்டா வைரஸ்னு நீங்க கேள்விப்பட்டிருந்தா, அநேகமா 2025-ல கேட்டிருப்பீங்க. ஹாலிவுட் நடிகர் ஜீன் ஹேக்மேனோட மனைவி பெட்ஸி அரகாவா அதுலதான் இறந்தாங்க. அது அமெரிக்க வகை, நுரையீரலைத் தாக்கும். ஆசியாவிலயும் ஐரோப்பாவிலயும் இருக்கிற வகைகள் கிட்னியைத் தாக்கும், ரத்தக்கசிவும் வரலாம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி இந்தப் பக்கத்து வகைகள்ல இறப்பு 1 சதவீதத்துக்கும் கீழ இருந்து 15 சதவீதம் வரைக்கும். அமெரிக்க வகையில 50 சதவீதம் வரைக்கும் போகும். எலிக்கு ஒண்ணும் ஆகாது, அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கும். அதோட மூத்திரம், புழுக்கை, எச்சில் எல்லாம் காய்ஞ்சு தூசியாகும். அந்தத் தூசியை நாம மூச்சுல இழுத்தா போதும், கடி வாங்கணும்னு அவசியமே இல்ல.

உலகம் இதைக் கவனிச்சது கொரியப் போர்ல. 1951-ல இருந்து போர் முடியறதுக்குள்ள ஐ.நா. படையில 3,000 பேருக்கு மேல ரத்தக்கசிவுக் காய்ச்சல்ல விழுந்தாங்க. காரணம் தெரியல. வருஷக்கணக்கா தேடி, 1976-ல கொரிய விஞ்ஞானி ஹோ வாங் லீ ஒரு வயல் எலியோட நுரையீரல்ல அந்த வைரஸைப் பிடிச்சார். பக்கத்துல ஓடுற ஹாண்டான் ஆத்தோட பேரை அதுக்கு வெச்சாங்க. பாடப்புத்தகக் கதை இதுதான்.

ஆனா அதுக்கு 12 வருஷம் முன்னாடியே, 1964-ல, நம்ம வேலூர்ல ஒரு ஹாண்டா வைரஸ் சிக்கியாச்சு! ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பத்தின ஒரு ஆய்வு நடந்துட்டிருந்தப்ப, தோட்டப்பாளையத்துல பிடிச்ச மூஞ்சூறு ஒண்ணுல புதுசா ஒரு வைரஸ் கிடைச்சது. பிள்ளையாரோட வாகனம்னு நாம அடிக்காம விடுவோமே, அதே மூஞ்சூறுதான். (பார்க்க எலி மாதிரி இருந்தாலும் அது எலி இனமே இல்ல, பூச்சி தின்னி. நான் இருபத்தேழு வருஷமா எலின்னுதான் நினைச்சிட்டிருந்தேன்.) கேரி, ரூபன், பணிக்கர், ஷோப், மையர்ஸ்னு அஞ்சு பேர் சேர்ந்து 1971-ல இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ்ல எழுதினாங்க. பேர், தோட்டப்பாளையம் வைரஸ். கொசு மாதிரி பூச்சிங்க பரப்புற வகையா இருக்கலாம்னு ஒரு அனுமானத்துல வகைப்படுத்தினாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது, ஹாண்டானு ஒரு குடும்பம் இருக்கிறதே அப்ப யாருக்கும் தெரியாது. 1980-களோட கடைசியிலதான் இதுவும் அந்தக் குடும்பம்னு புரிஞ்சது. முழு ஜீனோம் வந்தது 2007-ல. உலகத்துலயே முதல்ல பிரிச்செடுத்த ஹாண்டா வைரஸுக்கு வேலூர்ல இருக்கிற ஒரு பகுதியோட பேரு. அது மனுஷனுக்கு நோய் கொடுக்குதுன்னு இன்னும் நிரூபணம் ஆகல, அதையும் சொல்லணும்.

சரி, மனுஷங்க? வேலூர் சிஎம்சி ஆட்கள் தேடிப் பார்த்தாங்க. 2008-ல வந்த அவங்க ஆய்வுல, காரணம் தெரியாத காய்ச்சல்காரங்க, கிட்னி நோயாளிங்க, கிடங்குத் தொழிலாளிங்க, எலி பிடிக்கிற பழங்குடி மக்கள்னு பல தரப்பு ரத்தத்தைச் சோதிச்சாங்க. சிலர்கிட்ட ஹாண்டாவுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. இலங்கையிலயும், எலிக்காய்ச்சலா இருக்கும்னு சந்தேகப்பட்ட சிலர்கிட்ட இதே மாதிரி கிடைச்சிருக்கு. ஆன்டிபாடி இருந்தா எப்பவோ வைரஸைச் சந்திச்சிருக்காங்கன்னு அர்த்தம், அதனாலதான் நோய் வந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. இந்த வித்தியாசத்தை வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்றவங்க சாப்பிட்டுடுவாங்க.

எனக்கு உறுத்துறது வேற. ஸ்க்ரப் டைபஸையே எடுத்துக்குங்க. ரொம்ப காலம் அதை இங்க பெருசா யாரும் யோசிக்கல. 2000-க்கு அப்புறம் சிஎம்சி மாதிரி இடங்கள்ல தேட ஆரம்பிச்சாங்க, கிடைச்சுக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்கு போடியில சாதாரண லேப்லகூட அந்த டெஸ்ட் கேக்கலாம். டேட்டாபேஸ்ல நல் வேற, ஜீரோ வேற. ஹாண்டா விஷயத்துல எங்க மலையில இருக்கிறது நல். அதை ஜீரோன்னு படிச்சுக்கிட்டு இருக்கோம்.

கண்டுபிடிச்சாலும் தனி மருந்து இல்லையே, அப்புறம் எதுக்கு டெஸ்ட்னு ஒரு டாக்டர் நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா ஹாண்டான்னு தெரிஞ்சா தேவையில்லாத ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம், டிரிப்ஸ் எவ்வளவு ஏத்தலாம்னு பார்த்து ஏத்தலாம், டயாலிசிஸுக்கு முன்கூட்டியே தயாராகலாம். அதை விட முக்கியமா, எந்த ஸ்டோர்ல இருந்து வந்ததுன்னு அடுத்த ஆளுக்குச் சொல்லலாம்.

பூட்டிக் கிடந்த ஸ்டோரையோ கிடங்கையோ திறக்கிறவங்க, கதவு ஜன்னலை ஒரு அரைமணி நேரம் திறந்து போட்டுட்டு வெளிய நில்லுங்க. காய்ஞ்ச தரையைக் கூட்டாதீங்க. பிளீச்சிங் கரைசல் தெளிச்சு, அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு, துணியால துடைச்சு எடுங்க. கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்குங்க.

சித்தப்பாகிட்ட போன்ல இதையெல்லாம் சொன்னேன். "சரிடா, வாளித் தண்ணி தெளிச்சுக்கிறேன்"னார். மாஸ்க் போடுவீங்களா சித்தப்பான்னு கேட்டேன்.

"அதைப் போட்டுக்கிட்டு மூட்டை தூக்கினா மூச்சு முட்டுதுப்பா."