வெள்ளிக் கரண்டி யார் வாயில்?

(ஓரிக்கை நெசவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



செல்வத்தில் பிறந்து சொகுசில் வளர்ந்தவனை "வாயில் வெள்ளிக் கரண்டியோடு பிறந்தவன்" என்பது வெள்ளைக்காரன் வழக்கு. வெள்ளிக்கும் நமக்கும் உறவில்லையா? அசல் சரிகை என்பது என்ன? பட்டு நூலின்மேல் வெள்ளியிழை சுற்றி, தங்க முலாம் பூசியதுதானே! அந்த வெள்ளி நாள் முழுவதும் நம் விரல்களில் ஓடுகிறது. அதில் ஒரு குந்துமணியாவது நம் வீட்டில் தங்கியதுண்டா?

பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சிவரம்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். மகளைப் பட்டுடுத்தி மணம் முடிப்பேன் என்று வாக்களிக்கிறான் நெசவாளி வேங்கடம். கூலியில் அது முடியவில்லை. முதலாளியின் பட்டு நூலை வாயில் ஒளித்துக் கொண்டுவந்து நெய்கிறான், பிடிபடுகிறான். பாதி நெய்த அந்தப் பட்டு மகளின் பிணத்துக்குப் போர்வையாகிறது. ஒருவன் வாயில் வெள்ளிக் கரண்டி. இன்னொருவன் வாயில் திருட்டு நூல்! நெய்தவனுக்கே துணியில்லாமல் செய்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர்?

இதை விதி என்பார்கள். விதியல்ல தோழர்களே, கணக்கு! பாவும் ஊடையும் சரிகையும் முதலாளியுடையவை. நமக்குப் புடவைக்கு இவ்வளவு என்று கூலி. கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா, துணையாள் வேண்டும். அவர் கூலியும் அதற்குள்தான். பாவு பிணைக்கும் நாளுக்கும், மழையில் தறிக்குழி ஊறும் நாளுக்கும் கூலியில்லை. பற்றாக்குறைக்கு முன்பணம், முன்பணம் வாங்கினால் அதே வாசலில் கட்டுண்டு கிடக்க வேண்டும். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் சட்டம் வந்தது. கடன் இருக்கும்வரை சங்கிலியும் இருக்கும்.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு சொல்கிறது: நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிக்கின்றன. பட்டின் பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. நெய்த கைக்கு என்ன கிடைத்தது?

நாம் பிச்சை கேட்கவில்லை. நூலும் சரிகையும் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே நேராக வரட்டும். விலைவாசி ஏறினால் கூலியும் ஏறட்டும். பட்டுப் புடவையைக் கைத்தறிக்கு ஒதுக்கிய 1985-ம் ஆண்டுச் சட்டத்தை ஏட்டிலிருந்து இறக்கி, விசைத்தறிப் போலிகளைத் தடுக்கட்டும்.

தனித்தனி இழையை யாரும் அறுப்பான். பாவாகச் சேர்ந்த இழையை அறுக்க எவனாலும் ஆகாது. சங்கத்தில் சேருங்கள்! நம் பெண்களும் நாம் நெய்த பட்டை உடுத்தும் நாளை நாமே நெய்வோம்!