சைக்கிளுக்குப் பின்னால் ஒரு படகு



படகு வாங்குவதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. வாங்கிய படகை வீட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. நான் சொல்வது மீன்பிடிப் படகை அல்ல. கயாக் என்று ஒரு ஒல்லிப் படகு இருக்கிறதே, இரண்டு முனையிலும் அலகு வைத்த துடுப்பால் ஒருவரே வலித்துப் போவது, அதைச் சொல்கிறேன். சென்னையை அடுத்த முட்டுக்காடு, கோவளம் பக்கத்து உப்பங்கழியில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது.

வடதுருவத்தை ஒட்டிய பனிநாட்டு வேட்டைக்காரர்கள் மரச்சட்டத்தின் மேல் சீல் தோலை இழுத்துத் தைத்துச் செய்த படகு இது. ஒரே ஆள் தூக்கிக்கொண்டு நடக்கிற எடைதான் இருக்கும். நமக்குக் கடையில் கிடைப்பது பிளாஸ்டிக்கில் வார்த்தது. 12 அடி நீளம், 25 கிலோ எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோவைத் தூக்கிவிடலாம். 12 அடியைத் தூக்கிக்கொண்டு தெருவில் திரும்புவதுதான் முடியாது. முன்னே ஒருவர் மேல் இடிக்கும், பின்னே ஒரு ஸ்கூட்டர் கண்ணாடியைத் தட்டிவிடும்.

தூக்கிப்போகும் இந்தத் தொல்லை ஐரோப்பாவில் நூறு வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது. 1905-இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹாய்ரிஷ் என்ற கட்டடக்கலை மாணவர், கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொள்ளும்படி ஒரு கயாக் செய்தார். 1907-இல் அதைத் தயாரிக்கும் உரிமையை ரோசன்ஹைம் ஊர்த் தையல்காரர் யோஹான் கிளெப்பர் வாங்கினார். படகைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி ஆற்றுக்குப் போகும் பழக்கம் அதிலிருந்துதான் பரவியது. அப்படி ஒரு மடிப்புப் படகில் 1932-இல் உல்ம் நகரில் கிளம்பிய ஆஸ்கர் ஸ்பெக் என்பவர், டான்யூப் ஆற்றில் இறங்கி, இந்தியக் கரையோரமாகவும் இலங்கை வழியாகவும் போய், 1939-இல் ஆஸ்திரேலியாவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். போய் இறங்கும்போது உலகப்போர் தொடங்கியிருந்தது. ஜெர்மன்காரர் என்று பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள். அது தனிக்கதை.

மடிக்க முடியாத படகு வைத்திருப்பவர், காரும் இல்லாதவர், என்ன செய்வது? சைக்கிளுக்குப் பின்னால் டிரெய்லர் கட்டி இழுக்கலாம். கேளம்பாக்கத்தில் குடியிருப்பவருக்குக் கோவளம் கழி சைக்கிள் தூரம்தான். பெரிய வேலை என்று நினைக்க வேண்டாம். காயலாங்கடை, சைக்கிள் கடை, வெல்டிங் பட்டறை, இந்த மூன்றும் பக்கத்தில் இருந்தால் போதும். நம் ஊரில் இந்த மூன்றும் இல்லாத இடம் எது?

இந்த டிரெய்லரில் மற்ற வேலையெல்லாம் முன்னே பின்னே இருக்கலாம். பெயின்ட் திட்டுத்திட்டாக இருக்கலாம், குழாய் லேசாகக் கோணியிருக்கலாம். இரண்டே இடத்தில்தான் கண்டிப்பு வேண்டும். ஒன்று, அச்சு எந்த இடத்தில் உட்காருகிறது என்பது. இன்னொன்று, சைக்கிளோடு சேரும் மூட்டு.

அச்சு விஷயத்தை மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் ஏறினால் கழுத்தை அமுக்கும். கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், முன்பாரம் இருக்கும்படி ஏற்றுவதுதான் வழக்கம். சைக்கிளுக்கும் அதே கணக்கு. பின்பாரமாக இருந்தால் சைக்கிளின் பின்சக்கரத்தில் பிடிமானம் குறையும். அதைவிட மோசம், வேகம் கூடும்போது படகு இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும். ஓட்டுகிறவரையே அது ஆட்டிவைக்கும்.

ஆகவே முதலில் படகின் நடுப்பாரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். தரையில் ஒரு உருளைக் கட்டையைப் போட்டு, அதன் மேல் படகை வைத்து முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தால், எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடம் ஒன்று வரும். அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் டிரெய்லரின் அச்சு வரட்டும். அச்சிலிருந்து மூட்டு வரை இரண்டரை மீட்டர் என்றால், சைக்கிள் மேல் இறங்கும் பாரம் 2 கிலோ. 25-ஐ 0.2-ஆல் பெருக்கி 2.5-ஆல் வகுத்தால் வருவது அதுதான். மொத்தத்தில் எட்டு சதவீதம். ஐந்திலிருந்து பத்துக்குள் இருந்தால் நல்லது. துடுப்பு, தண்ணீர்க் கேன், சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் கோட்டுக்கு முன்னால் வையுங்கள். பையைப் படகின் வாலில் போட்டீர்களோ, கணக்கு கெட்டது.

இனி வண்டி. நான் வரைபடத்தோடு பட்டறைக்குப் போனேன். நீளமான செவ்வகச் சட்டம், குறுக்கே நாலு கம்பி, ஏணியைப் படுக்கப் போட்டது போல. வெல்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “எதுக்கு சார் இவ்வளவு இரும்பு? படகே விறைப்பாத்தானே இருக்கு. அடியில சக்கரத்தைக் கட்டிட்டு, மூக்குல ஒரு கம்பியை மாட்டுனா ஓடிடாதா?” என்றார்.

பாதி சரி. கயாக் தானே ஒரு சட்டம்தான்; அதற்கு அடியில் இன்னொரு சட்டம் வீண் எடை. ஆனால் இழுப்பு முழுவதும் படகு வழியாகப் போனால், ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் சக்கரம் பின்னுக்கு நழுவப் பார்க்கும். அதனால் அச்சிலிருந்து சைக்கிள் வரை ஒரே ஒரு குழாய் வேண்டும். மாட்டுவண்டியில் ஏர்க்கால் இருக்கும் இடத்தில் இது. ஒன்றரை அங்குலச் சதுர இரும்புக் குழாய் போதும். அலுமினியம் எடை குறைவுதான், ஆனால் தெருமுனைப் பட்டறையின் சாதாரண வெல்டிங்கில் அது ஒட்டாது. பி.வி.சி. குழாயில் செய்யலாமே என்பார்கள். செலவு குறையும் என்பது உண்மை. நம் வெயிலில் பாரத்தோடு நின்றால் அது தொய்ந்துவிடும் என்பதும் உண்மை. தண்ணீர் போவதற்கு அந்தக் குழாயை வைத்துக்கொள்வோம்.

சக்கரத்துக்குப் பழைய சிறுவர் சைக்கிளின் 20 அங்குல முன்சக்கரம் இரண்டு. இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அந்தச் சக்கரத்தின் அச்சு விரல் பருமன்கூட இல்லை. ஃபோர்க்கின் இரண்டு காலும் இரண்டு பக்கமும் தாங்கும் என்று நம்பிச் செய்தது. ஒரு பக்கம் மட்டும் இரும்பில் முடுக்கி மறுபக்கத்தை அந்தரத்தில் விட்டால், நாலு பள்ளத்தில் இறங்கியதும் வளைந்துவிடும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் இருபுறமும் பட்டை வைத்து, சக்கரம் நடுவில் உட்காரும்படி செய்யச் சொல்லுங்கள். காயலாங்கடையில் ஃபோர்க்கோடு சக்கரம் கிடைத்தால் அதையே வெட்டி வெல்டிங் வைத்துவிடலாம். படகு இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் தாழ்வாகத் தொங்கட்டும். உயரத்தில் ஏற்றினால் திருப்பத்தில் குடைசாயும்.

அடுத்தது மூட்டு. இதை வெறும் ஆணியும் துளையுமாகச் செய்துவிடக் கூடாது. சைக்கிள் இடம் வலம் திரும்பும். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும். மூன்றாவதாக ஒன்றை மறந்துவிடுவோம்: திருப்பத்தில் சைக்கிள் சாயும், டிரெய்லர் சாயாது. மூட்டு முறுக்கவும் கொடுக்க வேண்டும். ஒரு ஆணி இதில் ஒன்றைத்தான் செய்யும். ஜே.சி.பி. வண்டிகளுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் விற்கும் கடையில் ஒரு சாண் துண்டு கேட்டு வாங்குங்கள். தடித்த ரப்பர், உள்ளே கம்பி வலை. இதன் ஒரு முனையை இழுவைக் குழாயில் செருகி, குறுக்கே போல்ட் போட்டு, கிளிப்பால் இறுக்குங்கள். மறுமுனை சைக்கிளின் பின்அச்சில், இடப்பக்கம், நட்டுக்கு அடியில் மாட்டிய தகட்டோடு சேரட்டும். வலப்பக்கம் செயின் இருப்பதால் இடப்பக்கம். இழுவைக் குழாயும் முன்நுனியில் பின்சக்கரத்தை விட்டு விலகி இடப்பக்கமாக வளைந்து வரவேண்டும். ரப்பர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளையும், முறுக்கும், சத்தமும் போடாது. இவ்வளவும் செய்தபின், குழாயிலிருந்து சைக்கிள் சட்டத்துக்கு ஒரு சங்கிலி. ரப்பர் என்றைக்காவது கிழியும். கிழிகிற அன்று படகு தனியாகப் பயணம் போகக் கூடாது.

படகு உட்காரும் இடத்தில் ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோமைச் சுற்றுங்கள். கட்டுவதற்குப் பட்டைக் கயிறு நல்லது. கேரியரில் நாம் கட்டும் டியூப் கயிறு இழுபடும். அதைத் துடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓங்கி இறுக்கவும் வேண்டாம். வெயிலில் பிளாஸ்டிக் இளகி, கட்டிய இடத்தில் அடிப்பக்கம் குழிந்துவிடும்.

இப்போது மொத்த நீளம் 18 அடிக்கு மேல். சின்னக் காரைவிட நீளம், ஆனால் ஓட்டுகிறவருக்கு அது தெரியாது, பின்னால் பார்க்காதவரைக்கும். இடப்பக்கம் திரும்பும்போது டிரெய்லர் சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும், படகின் வால் வலப்பக்கம், அதாவது வண்டிகள் வரும் பக்கம், வீசும். வாலில் சிவப்புத் துணி கட்டுங்கள். இருட்டில் போவதானால் சிவப்பு விளக்கு. பிரேக் கட்டை புதிதாக இருக்கட்டும், இறக்கத்தில் மிதிக்க வேண்டாம். காலை வெள்ளன கிளம்பினால் சாலையும் காலி, கழியில் காற்றும் அடங்கியிருக்கும்.

கரைக்கு வந்ததும் டிரெய்லரை உப்புத் தண்ணீருக்குள் உருட்டாதீர்கள். சைக்கிள் சக்கரத்தின் பால்ஸுக்கு மூடி கிடையாது. ஒரு முறை உப்பு உள்ளே போனால் கிரீஸ் போச்சு, பிறகு கரகரவென்று அரைக்கும். காய்ந்த தரையில் நிறுத்திப் படகை மட்டும் இறக்குங்கள். சக்கரங்களை இறக்கைத் திருகால் மாட்டியிருந்தால் கையாலேயே கழற்றி, டிரெய்லரைப் படகின் மேல் கட்டிக்கொண்டு போகலாம். பெரிய படகாக இருந்து தண்ணீரும் அலையில்லாமல் இருந்தால் சைக்கிளையும் ஏற்றலாம். ஓரிடத்தில் இறங்கி, வேறிடத்தில் கரையேறி, படகைக் கட்டி மிதித்துக்கொண்டே வீடு வரலாம். கார் வைத்திருப்பவர் காரை விட்ட இடத்துக்குத் திரும்பியே ஆகவேண்டும். உயிர்காப்புச் சட்டை மட்டும் எந்தப் பாரக் கணக்கிலும் கழித்துவிட வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். வெல்டிங் வைத்த இடங்களில் ரெட் ஆக்சைடு பூச்சு உரிந்திருந்தால் அன்றைக்கே தொட்டுவிடுங்கள். ஹோஸ் துண்டை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் புதுத் துண்டு மாற்றிவிட்டுத்தான் அடுத்த முறை கிளம்ப வேண்டும்.