நாளைய கதையில் இன்றைய சமூகம்

(கலஹாவில் ஆற்றிய உரை)



விஞ்ஞானக் கதையைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்வதா, அது பொழுதுபோக்கு அல்லவா என்று கேட்போர் உளர். கல்வெட்டை ஆராய்கிறோம்; தாலாட்டையும் ஆராய்கிறோம். வருங்காலக் கற்பனையை மட்டும் ஏன் தள்ள வேண்டும்? நாளையை எழுதுகிறவன் இன்றைய ஆசையையும் அச்சத்தையுமே எழுதுகிறான். எதை மாற்றி எழுதினான், எதை மாற்றத் தோன்றாமலே விட்டான் என்று தேடுவதே ஆராய்ச்சியாளன் வேலை.

1905இல் சென்னையின் ஆங்கில மாதர் சஞ்சிகையொன்றில் வங்கத்து ரொக்கையா 'சுல்தானாவின் கனவு' எழுதினார். அங்கே ஆடவர் அந்தப்புரத்தில் அடைபட்டிருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தால் சமைத்து நாடாளுகின்றனர். அக்காலப் பர்தா வாழ்வுக்கு இதைவிடக் கூர்மையான சான்று வேண்டுமோ?

நம் தீவுக்கு வருவோம். 1956இல் இங்கு குடியேறிய ஆர்தர் சி. கிளார்க், 1979இல் 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்று பொருள்படும் நாவலை வெளியிட்டார். சிவனொளிபாதமலையை ஒத்த மலையிலிருந்து விண்வெளிக்குக் கோபுரம் எழுப்பும் கதை. அதற்காகத் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார், கெட்டிக்காரர்! கதையின் நடுவில் நிற்போர் பொறியியலாளர், பண்டைய மன்னன், மலையுச்சிப் பிக்குகள். உண்மையான மலையைச் சூழ்ந்து நிற்பவையோ தேயிலைத் தோட்டங்கள். கொழுந்துக் கூடை சுமப்போருக்கு அந்த நாளையில் என்ன இடம்?

கலஹாவில் இக்கேள்வி எழாமல் எங்கே எழும்? அருகிலுள்ள லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதுவும் ஒருவர் கண்ட எதிர்காலமே. அதில் நம் பாட்டன் பாட்டிமாருக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் குடிமக்களின் பெயர் எத்தனை எழுத்து என்பதையும் அரசே விதிக்கிறது. சென்னை வாசகருக்கு அது வியப்பு. 1948இன் சட்டத்தால் குடியுரிமை மறுக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கிடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைக்கு அதில் வியப்பென்ன?

பேராதனை தொலைவில் இல்லை. அங்கு பயிலும் தோட்டத்து மாணவர்கள், 'நூறாண்டுக்குப் பின் நம் தோட்டம்' என்று இங்குள்ள சிறுவர்களைக் கதை எழுதச் சொல்லட்டும். அதில் லயம் இருக்கிறதா? துரை இருக்கிறாரா? இயந்திரம் கொழுந்து பறித்தால், பறித்த அம்மா எங்கே போனார்? அக்கொப்பிகளைச் சேர்க்கும் பொறுப்பை இங்கு வந்திருக்கும் ஆசிரியர்கள் ஏற்க வேண்டுகிறேன்.