நோட்டீசில் இல்லாத பெயர்கள்

(சாரல் மாதத்தில் தென்காசியில் நடந்த கலை இலக்கிய இரவில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'தலித் கவிதையில் இசைக்கூறுகள்'. தாள் எழுதிக்கொண்டுதான் வந்தேன். அதை இன்றைக்கு வாசிக்கப் போவதில்லை.

நேற்று ராத்திரி குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் அறையில் பதினொரு பேர் தங்கினோம். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, ஈரத்துண்டை ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு, புரோட்டா பொட்டலத்தைப் பிரித்தபோது யாரோ ஒருத்தர் ஆரம்பித்து வைத்தார்: இன்றைக்கு உயிரோடிருக்கிற இசைக்காரர்களில் பெரியவர் யார்? இன்றைய கூட்டத்துக்கான தீர்மானங்களை எழுத உட்கார்ந்தவர்கள் விடியக்காலை மூணு மணி வரைக்கும் இதைத்தான் பேசினோம். கைகலப்பு ஒன்றுதான் பாக்கி.

ராஜாவா ரகுமானா என்பது எல்லா டீக்கடையிலும் நடக்கிற சண்டைதானே என்று நினைப்பீர்கள். டீக்கடையில் அது பாட்டைப் பற்றிய சண்டை. நம்ம அறையில் அது வேறொன்றைப் பற்றிய சண்டை.

ஒரு மாணவத் தோழர் எழுந்து நின்றே பேசினார். பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்தவர், அண்ணன் பாவலர் வரதராசனோடு ஆர்மோனியம் தூக்கிக்கொண்டு கம்யூனிஸ்ட் மேடை மேடையாகப் போனவர், 1976இல் 'அன்னக்கிளி', 1993இல் லண்டன் ராயல் பில்ஹார்மோனிக்கை வைத்து சிம்பொனி ஒலிப்பதிவு, கடைசியில் 2025 மார்ச் 8ஆம் தேதி அதே லண்டனில் 'வேலியண்ட்' சிம்பொனியை மேடையேற்றியவர். "எண்பத்தொரு வயசுல! நம்ம ஆளுல்லா அண்ணாச்சி! இதுக்கு மேல என்ன பேச்சு?"

மீனாட்சிபுரம் பக்கத்துத் தோழர் ஒருவர் சிரித்தார். 1981 பிப்ரவரி 19ஆம் தேதி அந்த ஊரில் நம் மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்துக்குப் போனதும், ஊர் ரகுமத் நகர் ஆனதும் உங்களுக்குத் தெரியும். அவர் சொன்னார்: "எனக்கு ரகுமான்தான். 1992இல் 'ரோஜா', 2009இல் கையில ரெண்டு ஆஸ்கார். அதுக்காகவும் சொல்லல. பிறந்தப்போ வச்ச பேரக் கழட்டி வச்சிட்டுப் போனாரு பாருங்க, அதுக்காகச் சொல்லுதேன்." ரகுமான் வீட்டார் மதம் மாறிய காரணமும் மீனாட்சிபுரம் மாறிய காரணமும் ஒன்றல்ல என்று நான் குறுக்கே விழுந்தேன். அவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியதுமில்லை, அவர் பேசியது ரகுமானைப் பற்றியா என்ன?

அப்போது மூலையில் படுத்திருந்த ஒரு தோழர் எழுந்திருக்காமலே கேட்டார். "நம்ம ஆளுன்னு நீ சொல்லுத. அவரு சொல்லுதாராலே?"

அறை அமைதியாகிவிட்டது. சாதி அடையாளத்தோடு தன்னைச் சேர்த்துப் பேசுவதை இளையராஜா விரும்பியதில்லை. 2022 ஏப்ரலில் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்ட ஒரு நூலுக்கு முன்னுரை எழுதினார். அதே ஆண்டு ஜூலையில் மாநிலங்களவைக்கு நியமனமானார். அந்த முன்னுரையைப் படித்த அன்றைக்கு வீட்டில் கேசட்டை எல்லாம் எடுத்து அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டியவன் நான். மூணாம் நாள் அவிழ்த்துவிட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் தீர்ப்பு என்ன என்று கேட்டால், ராஜாதான். காரணம் காதில் இருக்கிறது. பாட்டுக்குப் பின்னால் சும்மா துணைக்கு நிற்கிற பேஸ் கிட்டாரை அவர் தனியாக ஒரு மெட்டுப் பாட வைத்தார். வயலின் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே நம் தெருவின் கொட்டை நிறுத்தினார். மன்னிப்புக் கேட்காமல் நிறுத்தினார். ஒவ்வொரு கருவிக்கும் என்ன வேலை என்பதைத் தாளில் தன் கையாலேயே எழுதிவிட்டுத்தான் வாசிக்கச் சொன்னார். நம் பாட்டன்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்ததை நினைத்துக்கொண்டு அந்தத் தாளைப் பாருங்கள்.

ஆனால் 'நம்ம ஆளு' என்பது தீர்ப்பில்லை. வங்கிக் கவுண்டரில் நாள் முழுக்க அடையாளச் சான்று வாங்கிப் பார்க்கிறவன் நான். விண்ணப்பிக்காதவருக்கு நாம் ஒரு சாதிச் சான்றிதழ் எழுதி, கையெழுத்துப் போட்டு, வீடு தேடிப் போய் நீட்டுகிறோம். அவர் வாங்க மறுத்தால் துரோகி என்கிறோம். அமெரிக்கக் கறுப்பர்களும் லூயி ஆம்ஸ்ட்ராங்கை இப்படித்தான் வைதார்கள், வெள்ளைக்காரனுக்குப் பல்லைக் காட்டுகிறான் என்று. 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்கூடத்தில் கறுப்புப் பிள்ளைகளை நுழைய விடாதபோது, அதே ஆம்ஸ்ட்ராங் அதிபர் ஐசனோவரை நேரடியாகச் சாடினார்; அரசாங்கம் அனுப்ப இருந்த சோவியத் பயணத்துக்குப் போகமாட்டேன் என்றார். ராஜாவும் ஒருநாள் பேசுவார் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. பேசாமலே போகலாம். கலைஞனிடம் கணக்கு முடிக்க நாம் ரொம்ப அவசரப்படுகிறோம் என்று மட்டும் சொல்கிறேன்.

இங்கிருந்து ரெண்டு மணி நேரம் பஸ்ஸில் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். 2024 டிசம்பர் 15ஆம் தேதி ஆண்டாள் கோயிலில் அவரை அர்த்த மண்டப வாசலில் நிறுத்தி வெளியே நிற்கச் சொன்னார்கள். ஜீயர், பட்டர் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது, அதுதான் மரபு என்றது கோயில் தரப்பு. தான் எங்கேயும் சுயமரியாதையை விட்டுக் கொடுப்பவனல்ல, வதந்தியை நம்பாதீர்கள் என்றார் அவர். அவருக்கு அது போதும் என்றால் போதும். எனக்குப் போதவில்லை. யாரும் வரக்கூடாது என்றால் சிலரை மட்டும் அனுமதிக்கிற மரபை யார் எழுதியது? சிம்பொனி எழுதியவனுக்கும் அங்கே ஒரு கோடு இருக்கிறது.

இப்படி ஊரைக் கேட்டுக்கொண்டே வந்தவன், இன்று மத்தியானம் நம் நோட்டீசைக் கையில் எடுத்தேன்.

அதற்கு முன்னால் என் பெரியப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் தப்படிக்கிறவர். இழவு வீட்டு அடி, கொடையில் சாமி இறங்குகிற மருள் அடி, எல்லாம் அவர் கையில் இருந்தது. பறையில் சினிமா அடி என்றே ஒன்று உண்டு. அதில் ராஜா பாட்டுக்கு அவர் போடுகிற அடியைக் கேட்க மேலத்தெருப் பையன்களும் வந்து தள்ளி நிற்பார்கள். ஊர் சாவுக்கு இனி அடிக்கக் கூடாது என்று நம் தெருவில் முடிவெடுத்தபோது அவரும் கை தூக்கினார். சரியான முடிவு. தப்பைச் சுவரில் மாட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: "அடிமை வேலைய விட்டுட்டேன், எய்யா. அடிய எங்க விடுறது?" என்னிடம் பதில் இல்லை. தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடியதற்கு நாயக்க மன்னர் நிலம் கொடுத்தார், அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். நூலில் பாடி ஆடிக் குறி சொல்பவள் குறத்தி. அவள் பேர் சிங்கி. நிலம் கவிராயருக்கு.

நோட்டீசுக்கு வருகிறேன். கவிஞர்கள் ஏழு பேர், பட்டத்தோடு. கருத்துரையாளர் நால்வர், பதவியோடு. என் பெயருக்குப் பின்னாலும் பி.காம். என்று போட்டிருக்கிறது. ஆகக் கீழே, அச்சகத்தின் பெயருக்கு மேலே ஒரு வரி: 'பறை முழக்கம் - குழுவினர்.' எந்தக் குழு? யார்? அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது, பறைக்குக் கிடைத்த மரியாதை என்று வாழ்த்துச் சுவரொட்டி ஒட்டினோமே, நாம்தான் இதையும் அச்சடித்தோம். புரூஃப் பார்த்தது நான். ஒற்றுப்பிழை ரெண்டைத் திருத்தினேன். இந்த வரி என் கண்ணில் படவில்லை.

ராத்திரி மூணு மணி வரை பதினொரு பேர் பெரியவர் யார் என்று பேசினோமே, அந்தப் பட்டியலில் பறையடிக்கிற ஒருத்தர் பேர்கூட வரவில்லை. தோற்றுப் போகக்கூட வரவில்லை.

மத்தியானம் அவர்களிடம் போனேன். ஐந்து பேர். பேரைக் கேட்டேன். "எங்க பேரு எதுக்குய்யா" என்றார் மூத்தவர். குழுவில் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் இனிசியலோடு சொன்னாள், நான் எழுதிக்கொள்கிறேனா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் மூத்தவரும் சொன்னார், தன் ஆசான் பேரையும் சேர்த்து. ஏழு மணிக்கு அடிக்க வேண்டியவர்கள், கவிஞர்கள் நாங்கள் நீட்டியதில் மணி ஒன்பதரை ஆகிவிட்டது. சாரலில் தோல் தளர்ந்துவிட்டது என்று மேடைக்குப் பின்னால் ஓலை கொளுத்திக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். புகை வருகிறது பாருங்கள், அதுதான்.

அந்தப் பெயர்களை நான் வாசிக்கப் போவதில்லை. அவர்களே சொல்வார்கள். தலைவர் அவர்களே, அந்த மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கொடுங்கள். இன்னொன்று, பேச வேண்டிய துட்டு முதலிலேயே கைக்கு வரணும் என்கிறார் மூத்தவர். நியாயம்தான். பொருளாளர் எங்கே இருக்கிறார்?