விதியை நம்பியவன் உட்காருவான், அறிவை நம்பியவன் எழுவான்

(கோடம்பாக்கத்தில் சினிமாத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயம், "கஷ்ட காலத்தில் மனிதனுக்குப் பலம் எது?" என்பதாகும். இதற்குக் கோவிலில் ஒரு பதிலும், ஜோசியன் வீட்டில் ஒரு பதிலும் எப்போதும் தயாராய் இருக்கின்றன. கோவிலில் "எல்லாம் அவன் செயல்" என்பார்கள். ஜோசியன் "ஏழரைச் சனி, பரிகாரம் செய்" என்பான். முன்னதற்கு உண்டியல், பின்னதற்குத் தட்சணை. இரண்டிலும் கஷ்டப்படுகிறவன் கையிலிருந்து காசு போகிறதே தவிர, அவன் கைக்கு ஒன்றும் வரக் காணோம். ஆகையால் மூன்றாவதாக ஒரு பதில் உண்டா என்று பார்ப்போம். அதற்கு உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒரு மனிதரின் வாழ்க்கையையே எடுத்துக் கொள்ளுகிறேன். அவர்தான் என்.எஸ். கிருஷ்ணன்.

அவர் 1908-ல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. வில்லுப்பாட்டிலும் நாடகக் கம்பெனியிலும் பழகித் தொழில் கற்றுச் சினிமாவுக்கு வந்து, டி.ஏ. மதுரம் அம்மையாருடன் சேர்ந்து நாட்டையே சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்புக்குள் மூடநம்பிக்கைக்கு ஒரு குத்தும் வைத்திருந்தார்.

இப்படி உச்சியில் இருந்த காலத்தில், 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரையும் கிருஷ்ணனையும் கைது செய்தார்கள். 1945 மே மாதத்தில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதே வருஷம் அக்டோபரில் சென்னை ஹைக்கோர்ட் அப்பீலைத் தள்ளிவிட்டது. அப்போது அவருக்கு வயது 36. பெயர் போயிற்று, தொழில் போயிற்று, வீட்டுக்குத் திரும்பும் வழியும் அடைபட்டது.

தோழர்களே! இந்த இடத்தில் நம்மில் ஒருவர் இருந்தால் ஊரார் என்ன சொல்லுவார்கள்? "போன ஜென்மத்துப் பாவம்" என்பார்கள், "தலையெழுத்து" என்பார்கள். தலையெழுத்து என்றால் அதை அழிக்க யாராலும் முடியாது. அழிக்க முடியாத ஒன்றுக்கு அப்பீல் எதற்கு? வக்கீல் எதற்கு? லண்டனுக்குத்தான் எதற்குப் போக வேண்டும்? விதியை உண்மையாக நம்புகிறவன் அன்றைக்கே சிறையில் படுத்துவிட வேண்டியதுதானே! ஆனால் அவர்கள் படுக்கவில்லை. லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்கு விண்ணப்பம் போயிற்று. வழக்கை மறுபடியும் பரிசீலிக்கும்படி பிரிவி கவுன்சில் சென்னைக்குத் திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் அதே சென்னை ஹைக்கோர்ட் "குற்றவாளிகள் அல்ல" என்று விடுதலை செய்தது. ஆகவே அந்தத் தலையெழுத்தை எழுதியவனும் மனிதன், அழித்தவனும் மனிதன் என்று ஏற்படுகிறதா இல்லையா? இதில் பிரம்மாவுக்கு எங்கே வேலை இருக்கிறது?

சுமார் 30 மாதம் கழித்து வெளியே வந்தவர் என்ன செய்தார்? அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் ஜோசியம் சொல்லப் போவதில்லை. செய்த காரியத்தைத்தான் நம்மால் பார்க்க முடியும். வந்த வருஷமே வேலையில் இறங்கினார். 1949-ல் அண்ணா எழுதிய "நல்லதம்பி"யில் நடித்தார். 1951-ல் "மணமகள்", 1952-ல் "பணம்" ஆகிய படங்களைத் தாமே டைரக்ட் செய்தார். தன்னை உள்ளே தள்ளிய உலகத்தை வைதுகொண்டு திரியாமல், அதே உலகத்தைச் சிரிக்க வைத்துத் திருத்தப் பார்த்தார். "கிந்தனார்" காலட்சேபம் உங்களுக்குத் தெரியும். நந்தன் சிதம்பரத்துக்குப் போய் நெருப்பில் இறங்கினான். கிந்தனோ ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய்ப் படித்துப் பெரியவனானான். தாழ்த்தப்பட்டவனுக்கு நெருப்பு எதற்கு, படிப்பல்லவா வேண்டும் என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அதே சிறையில் இருந்த பாகவதர் பெரிய பக்திமான். அவருடைய "ஹரிதாஸ்" 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி கண்டது. விடுதலைக்குப் பிறகு அவர் படங்கள் முன்போல் ஓடவில்லை. 1959-ல் இறந்துபோனார். உடனே நம்மவர்களில் சிலர், "பார்த்தாயா, பக்தர் விழுந்தார், பகுத்தறிவுக்காரர் எழுந்தார்" என்று கை தட்டுவார்கள். அது தப்பு. அதுவும் ஒருவித ஜாதகக் கணக்குத்தான். ஜனங்களின் ரசனை மாறியது, பாட்டுக் குறைந்து வசனம் வளர்ந்தது. இப்படிக் காரணங்கள் உண்டு. துன்பப்பட்ட மனிதனைத் தராசில் நிறுத்துவது நம் வேலையல்ல. கடவுளை நம்பினால் கஷ்டம் வராது என்பது எவ்வளவு பொய்யோ, நம்பாவிட்டால் கஷ்டம் வராது என்பதும் அவ்வளவு பொய். கஷ்டம் வரும். வந்தால் எதைப் பிடித்துக்கொண்டு எழுவது என்பதே கேள்வி.

எதைப் பிடித்துக்கொண்டு எழுவது? முதலாவது, மனிதர்களை. கிருஷ்ணன் சிறையில் இருந்தபோது மதுரம் அம்மையார் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமம் நாடக சபையைக் கலையாமல் காத்தார். "பைத்தியக்காரன்" படம் எடுக்கப்பட்டு 1947-ல் வெளிவந்தது. வெளியே இருந்த கைகள் ஓயாததால்தான், உள்ளே இருந்தவர் திரும்பி வருவதற்கு ஒரு தொழில் மிச்சம் இருந்தது. இரண்டாவது, வேலையை. மூன்றாவது, காரணம் தேடும் புத்தியை. "எனக்கு ஏன் வந்தது?" என்று ஆகாயத்தைப் பார்த்துக் கேட்டால் பதில் வராது. "எதனால் வந்தது, இனி என்ன செய்யலாம்?" என்று கேட்டால் ஏதாவது ஒரு வழியாவது தென்படும்.

துக்கத்தில் அழக்கூடாது என்று பகுத்தறிவு சொல்லவில்லை. 1933 மே 11-ந் தேதி நாகம்மையார் இறந்தபோது, பெரியார் தம் இழப்பை மறைக்காமல் "குடி அரசு"வில் எழுதினார். ஆனால் மறுநாளே திருச்சிக்குப் போய், தடையை மீறி ஒரு திருமணத்தை நடத்தி வைத்துக் கைதானார். அழவேண்டியதற்கு அழலாம். ஆனால் அழுகையை 16 நாள் சடங்காக்கி, அதற்குக் கடன் வாங்கி, பிறகு கடனுக்காக வருஷம் முழுவதும் அழுவதுதான் கூடாது.

"அவர் பெரிய நடிகர், லண்டன் வரை வழக்காடப் பணம் இருந்தது, தினக்கூலிக்காரன் என்ன செய்வான்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பட்டினி கிடப்பவனிடம் போய் "தைரியமாய் இரு" என்பது, "பகவான் பார்த்துக் கொள்ளுவார்" என்பதற்கு அண்ணன் தம்பிதான். 2020 மார்ச்சில் தொற்று நோயால் படப்பிடிப்புகள் நின்றபோது இந்தக் கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்று அரிசி கொடுத்தது எந்தத் தெய்வம்? சங்கமும் மனிதர்களும்தானே! எனவே தனி மனிதனின் தைரியத்துக்குக் கீழே சங்கமும் சேமிப்பும் சட்டமும் வேண்டும். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டவர்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் அரசாங்கச் செலவில் வக்கீல் கிடைக்கும். ராகு காலம் எத்தனை மணிக்கு என்பது தெரிந்த வீட்டில் இது தெரிவதில்லையே!

இங்கே பூஜை போடாமல் படம் தொடங்குவது அபூர்வம், பூசணிக்காய் உடைக்காமல் முடிப்பதும் அபூர்வம். அப்படியானால் ஓடாத படத்துக்கெல்லாம் எந்தப் பூசணிக்காய் போதவில்லை? அந்தக் காசில் பாதியை விபத்து நிதிக்குப் போட்டால், மேலேயிருந்து தவறி விழுகிற லைட்மேன் குடும்பம் பிழைக்கும்.

கிருஷ்ணன் சம்பாதித்ததையெல்லாம் கொடுத்தே தீர்த்து, 1957 ஆகஸ்ட் 30-ந் தேதி 48 வயதில் மறைந்தார். பக்கத்தில் தியாகராய நகரில் இருக்கும் அவர் சிலையை 1969 ஜனவரியில் அண்ணா திறந்து வைத்தார். புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்த சமயம் அது. சில நாளில், பிப்ரவரி 3-ந் தேதி, அண்ணாவும் மறைந்தார். சாவு அருகில் நிற்கும்போதும் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது என்று எழுந்து வந்தாரே, அந்த எண்ணத்துக்குத்தான் பலம் என்று பெயர்.

ஆகையால் தோழர்களே, நான் சொல்லுகிறேன் என்பதற்காக இதை நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவைக் கொண்டு யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால், அடுத்த முறை கஷ்டம் வரும்போது ஜோசியன் வீட்டுக்குப் போகும் காலைச் சங்கத்துப் பக்கம் திருப்புங்கள்.