கடனோடு ஆர்டரும் வேண்டும்

மும்பையில் செம்பூரை ஒட்டி, மாஹுலில் பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகியவற்றின் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. பக்கத்திலேயே ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலை. மூன்றும் பொதுத்துறை நிறுவனங்கள். கையுறை, சீருடை தொடங்கி வால்வு வரை வெளியில் வாங்கித்தான் இவை இயங்குகின்றன. சில கிலோமீட்டர் தள்ளி தாராவி. அங்கே தோல் பட்டறைகளிலும் தையல் கூடங்களிலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் தலைமுறைகளாக உழைக்கிறார்கள். அவர்களில் தலித் மக்கள் ஏராளம். அந்தப் பட்டறைக்காரரின் சரக்கு இந்த ஆலைகளின் வாசலுக்குள் போகிறதா என்பதை வைத்தே தொழிலில் சம வாய்ப்பு இருக்கிறதா என்று சொல்ல வேண்டும்.

கடனுக்கு மத்திய அரசு வழி செய்தது. 2016 ஏப்ரலில் தொடங்கிய ஸ்டாண்டப் இந்தியா திட்டம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் என்றது. ஆனால் வாங்க ஆள் இல்லாவிட்டால் கடன் சுமைதான். அதனால்தான் 2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் ஆணை முக்கியமாகிறது. மத்திய நிறுவனங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும்; அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு உரியது.

இப்படி ஒதுக்கினால் தரம் கெடும், மக்கள் பணம் வீணாகும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆணையைப் படித்தால் இந்த அச்சத்துக்கு இடமில்லை. ஒரு டெண்டரில் மிகக் குறைந்த விலை 100 ரூபாய் என்றால், 115 ரூபாய்க்குள் கேட்ட சிறு தொழில்காரர் அதே 100 ரூபாய்க்கு இறங்கி வந்தால்தான் அவருக்குப் பங்கு. தர விதியும் எல்லோருக்கும் ஒன்றே. இந்த வழியில் அரசு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுப்பதில்லை. திறமை இருந்தால் தானாக முன்னேறலாமே என்பது அடுத்த கேள்வி. பழைய ஒப்பந்தக்காரருக்கே அறிமுகமும் அனுபவச் சான்றும் இருக்கும் சந்தையில், புதியவரின் திறமையைச் சோதிக்கவே ஒரு முதல் ஆர்டர் தேவைப்படுகிறது.

உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. தலித் தொழில்முனைவோர் டெண்டரில் கலந்துகொள்ளாவிட்டால், அந்த 4 சதவீதத்தை மற்றச் சிறு தொழில்களிடம் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம் என்று ஆணையே அனுமதிக்கிறது. டெண்டர் பற்றித் தெரியாதவரின் பங்கு ஓசையில்லாமல் கைமாறிவிடுகிறது. மும்பைத் தமிழருக்கு இன்னொரு தடையும் உண்டு. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதித் தகுதி, குடிபெயர்ந்த மாநிலத்தில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே மும்பைக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்டு எழுந்ததுதான்.

ஆகவே பொதுத்துறை நிறுவனங்கள் தாராவிக்கே வந்து, தமிழிலும் மராத்தியிலும் டெண்டர் விவரங்களைச் சொல்லட்டும். எந்த மாநிலச் சான்றிதழானாலும் மத்திய நிறுவனங்களின் கொள்முதலில் செல்லும் என்று அரசு ஐயமின்றி அறிவிக்கட்டும். பட்டறை நடத்தும் நேயர்களே, குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை இன்றே செய்துகொள்ளுங்கள். அடுத்த டெண்டரில் உங்கள் விலையும் இருக்கட்டும்.